காம்பவுண்டுச் சுவரில் ஒரு படகு எஞ்சின்

என் மச்சினன் தூத்துக்குடிப் பக்கம் சின்ன வள்ளம் வைத்து மீன் பிடிப்பவன். போன கோடையில் ஒரு காலை, காய்கறி ஏற்ற வந்த வேனில் தொற்றிக்கொண்டு திண்டுக்கல்லில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினான். கூடவே, சாக்கில் சுற்றிய அவனுடைய படகு எஞ்சினும் இறங்கியது.

கடல் இல்லாத ஊருக்கு அது வந்ததற்குக் காரணம் நான்தான். என் கல்யாணத்தின்போது மாமியார் வீட்டில் ஒரு பெட்டியின் சாவி தொலைந்துவிட்டது. நான் கம்பியை விட்டுப் பூட்டைத் திறந்தேன். துருப்பிடித்துப்போய் அதுவே விட்டால் போதுமென்று இருந்த பூட்டு. ஆனாலும் மாப்பிள்ளை பூட்டு ஊர்க்காரர் ஆயிற்றே! அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் திறக்காதது, கழலாதது எல்லாம் என் இலாகா. நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன் என்று சொன்னால், தன்னடக்கம் என்று மெச்சுகிறார்கள்.

எஞ்சின் தன்னைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரை இழுத்து வெளியே துப்ப வேண்டும். இது துப்பவில்லை. உள்ளே தேய்ந்துபோன ரப்பர் சக்கரத்தை மாற்ற வேண்டும். புதுச் சக்கரம் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை மாட்ட, எஞ்சினின் தண்ணீருக்குள் இறங்கும் கீழ்க்காலைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டைக் கழற்ற வேண்டும். பல வருஷத்து உப்பு அவற்றை இறுக்கிவிட்டிருந்தது. அங்கே உள்ள பட்டறைக்காரர், தொட்டால் முறியும், நான் பொறுப்பில்லை என்று கைகழுவிவிட்டாராம். பெரிய விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்தது. இவனைப் போன்ற வள்ளக்காரர்களுக்கு வருஷத்தில் நாலு காசு பார்க்கிற காலம் அது ஒன்றுதான்.

“முறிஞ்சிட்டுன்னா நான் கரையிலதான் கெடக்கணும் அத்தான்,” என்றான். நான் தைரியமாகத் தலையாட்டினேன்.

படகின் பின்பலகையைக் கவ்வ வேண்டிய எஞ்சினை என் காம்பவுண்டுச் சுவரில் கவ்வ வைத்தோம். தள்ளி நின்று பார்த்தால், வீடே வடமதுரைப் பக்கம் கிளம்பத் தயாராக நிற்பது போலிருந்தது. எதிர்வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“போர் மோட்டாரா சார்?”

படகு எஞ்சின் என்றேன். சற்று யோசித்தார்.

“எந்தக் கம்மாயில விடப் போறீக? அம்புட்டும் காஞ்சுல்ல கெடக்கு.”

அவரிடமே பெயிண்ட் உரிக்கிற கேஸ் டார்ச் இருந்தது. வாங்கிக்கொண்டேன். எண்ணெய் விட்டோம், சுத்தியலால் தட்டினோம், சுடவைத்தோம். ஒன்றும் அசையவில்லை. ஒவ்வொரு முறை ஸ்பேனரை அழுத்தும்போதும் போல்ட்டை விட்டுவிட்டு மச்சினன் முகத்தையே பார்த்தேன். அவன் என் கையையே பார்த்தான்.

சூடான போல்ட்டில் மெழுகைத் தேய்த்தால் உருகி மரைக்குள் இறங்கும் என்று எங்கோ கேட்டது நினைவுக்கு வந்தது. வீட்டில் மெழுகுவர்த்தி என்றால் ஒன்றே ஒன்றுதான்: பிப்ரவரியில் மாதா கோவிலில் மந்திரித்து வாங்கி வந்தது. இடி மின்னலுக்கும் சாகக் கிடப்பவர்களுக்கும் ஏற்ற வேண்டியது. மனைவி அதை மாதா படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து, தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“உங்க கையப் பாத்தா சாகக் கெடக்கற மாதிரிதான் இருக்கு. இந்தாங்க,” என்றாள்.

மெழுகு புகைந்து உள்ளே இறங்கியது. முதல் போல்ட் முனகிக்கொண்டே சுழன்றது. இன்னும் இரண்டு வந்தன. அதற்குள் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. நாலாவதைச் சுடவைக்கப் பொறுமையில்லாமல் அழுத்தினேன். ‘டக்’ என்றது.

கழன்றாலும் முறிந்தாலும் கைக்குத் தெரிவது ஒரே மாதிரிதான். குனிந்து பார்த்தேன். ஸ்பேனருக்குள் தலை மட்டும் இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார். மச்சினன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கீழே உட்கார்ந்து எஞ்சினின் காலைச் சும்மா பிடித்து ஆட்டினான். அது பொதக்கென்று அவன் மடியில் விழுந்தது. பிடித்திருந்த நாலு தலையும் போய்விட்டன. இனி அது எதற்காக நிற்க வேண்டும்? மேலே, முறிந்த போல்ட்டின் உடம்பு விரல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றது. இந்த முறை பொறுமையாகச் சுடவைத்து, மெழுகு தேய்த்து, குறடு போட்டுத் திருப்பினேன். வந்துவிட்டது.

சக்கரத்தை மாற்றி, கடைவீதியில் அதே அளவு போல்ட் வாங்கிப் பூட்டினோம். ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் வேண்டும். நாள் கணக்கில் காத்திருந்து பிடித்து வைத்த டிரம்மைக் காட்டினாள் மனைவி. அதைச் சுவரடிக்கு நகர்த்தினோம்; எஞ்சினின் கால் அதில் மூழ்கியது. மச்சினன் கயிற்றை இழுத்தான். இரண்டாவது இழுப்பில் தெருவே அதிர்ந்தது. நாங்கள் நாலு பேரும் தண்ணீர் துப்ப வேண்டிய சின்னத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கொஞ்ச நேரம் வெறும் புகை. பிறகு ஒரு இருமல். அப்புறம் நூல் பிடித்த மாதிரி ஒரு தாரை கிளம்பி, எதிர்வீட்டுக்காரர் லுங்கியை நனைத்தது.

மச்சினன் அதில் கையை நீட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டான். “துப்புது அத்தான்,” என்றான், ரொம்ப மெதுவாக.

“துப்புனது போதும், அணைங்க,” என்றாள் என் மனைவி. “அடுத்த தண்ணி வெள்ளிக்கிழமதான்.”