சுவருக்கு மேலால் போன மூச்சுப் பயிற்சி

போன வருடம், றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் உளவியல் இறுதி வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆளே நான்தான். அதனால் அந்த இறுதி வருட ஆய்வு என் ஒருவனுடைய காரியமாக இருக்கவில்லை. பட்டம் வாங்கப் போகிறேன் என்று அம்மா மலையெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அதற்கு முந்திய மழையில் அந்தத் தோட்டத்து லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், பின்னால் மண் சரிந்திருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. கொஞ்ச நாள் பாடசாலை மண்டபத்தில் இருந்துவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் எல்லோரும் அதே லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள். மழை இரைந்தால் ஒருவருக்கும் கண் மூடாது. தூக்கத்துக்கான ஒரு மூச்சுப் பயிற்சி இவர்களுக்குப் பலன் தருமா என்று பார்ப்பதுதான் என் ஆய்வு.

இருபத்து நான்கு பெண்கள் சம்மதித்தார்கள். பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டு இரண்டு குழுவாகப் பிரித்தேன். முதல் குழுவுக்குப் பயிற்சி. இரண்டாம் குழுவுக்குக் கேள்விகள் மட்டும். ஆறு வாரம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபின் அவர்களுக்கும் சொல்லிக் கொடுப்பதாக ஏற்பாடு. மண் வந்து மோதிய அடுப்படிச் சுவருக்குச் சொந்தக்கார அக்காவுக்கு இரண்டாம் குழுச் சீட்டு விழுந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"ஆறு வாரத்துக்கு மழ பெய்யாதா தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் குழுவைத் தனியே உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தேன். வயிற்றில் கை வைத்து, சூடான பிளேன்டீயை ஊதுவதுபோல மெல்ல மூச்சை விட வேண்டும். அந்தப் பிளேன்டீ உவமை என் சொந்தச் சரக்கு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும்கூட. வெளியே யாருக்கும் சொல்லக்கூடாது என்றேன். பன்னிரண்டு பேரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படிவங்களோடு லயத்து வாசலில் உட்கார்ந்தேன். இரண்டாம் குழுவில் முதலில் வந்தவர் அந்த அக்காதான்.

"இப்ப நல்லாத் தூங்குறேன் தம்பி."

எப்படி என்று கேட்டேன். வயிற்றில் கையை வைத்தார். "பிளேன்டீ ஊதுற மாதிரி..." என்று என் முகத்துக்கு நேரே ஊதிக் காட்டினார்.

மற்றவர்களையும் கேட்டேன். பன்னிரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"யாரு அக்கா சொல்லிக் குடுத்தது?"

முதல் குழுவில் இருந்த பக்கத்து வீட்டு அக்கா, தண்ணீர் விழும் பீலியடியில் துணி அலசிக்கொண்டே பதில் சொன்னார். "நான்தான். நீங்க பஸ் ஏறுறதுக்குள்ளயே சொல்லிட்டேன்."

லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. அதற்கு மேலால் வீட்டுக்கு வீடு பயிற்சி போய்விட்டது.

"சொல்ல வேணாம்னு சொன்னேனே!"

"அனே, அவ பவ் தம்பி, பாவம். கொழுந்து நிறுக்கிறப்ப ஒருத்திக்கு ரெண்டு கிலோ கொறஞ்சா, அரப்பேரு விழுந்து பாதிச் சம்பளமாயிரும்னு எங்க கூடையில இருந்து அள்ளிப் போடுறோமில்ல? இவ பொரண்டு பொரண்டு படுக்கிறது எனக்குக் கேக்குது. நான் மட்டும் ஊதிட்டுத் தூங்கவா?"

இனி ஒப்பிட ஒன்றுமில்லை, என் ஆய்வு கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அடுப்படிச் சுவர் அக்கா என் படிவத்தைத் தொட்டுச் சொன்னார்:

"நாங்க ஒண்ணும் செய்யலன்னு போட்டுக்குங்க. நான் தூங்கலன்னே எழுதுங்க. யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்றோம். எங்களால ஒங்க படிப்பு கெடக்கூடாது."

எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பேனா கையில்தான் இருந்தது. அம்மா மலையெல்லாம் சொல்லி வைத்ததும் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இத்தனை நாளுக்குப் பிறகு கிடைத்த தூக்கத்தை, எனக்காக இல்லையென்று எழுதிக்கொள்ளச் சொல்கிறார். அவர் சீட்டை வைத்துக்கொண்டு கேட்ட அன்று நான் என்ன செய்தேன்? சிரித்தேன்.

தூங்குகிறார் என்றே எழுதினேன். ஒப்பிட முடியாமல் போனதையும், ஏன் போனது என்பதையும் உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். சாதாரணப் புள்ளிகளோடுதான் தேறினேன். அம்மா மட்டும் நான் முதலாவதாக வந்ததாக இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போதும் வேலை விஷயமாக யாரிடமாவது படிவத்தை நீட்டிக் கொஞ்சம் பொறுத்திருங்கள் என்று சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம், அதுவரைக்கும் இவர்கள் வீட்டில் மழை பெய்யாதா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.