கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம்

பார்க்காத நிலத்தைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன் நான்.

அதோடு நிற்கவில்லை. அங்கே ஒரு வேலையும் நடக்கவில்லை என்றும் எழுதினேன். நடந்திருந்தது! எட்டுக் குடும்பங்கள் ஒரு கோடை முழுவதும் வெயிலில் கிடந்து செய்த வேலை அது. நான் எழுதிய ஒரு வரியில் அது இல்லாமல் போயிற்று.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை... மனைவியிடம்கூட. உங்களிடம் சொல்கிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது என்பதால்தான் சொல்லத் துணிகிறேனோ என்னவோ. அப்படியானால் இதுவும் கோழைத்தனம்தான்.

அருப்புக்கோட்டையில் எனக்கு வீடு. அரசு கொடுக்கும் வேளாண் உதவிகள் ஒழுங்காகப் பயன்படுகின்றனவா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அந்த ஆண்டு தரிசு நிலங்களுக்கு ஒரு திட்டம் வந்திருந்தது. அடுத்தடுத்துத் தரிசு வைத்திருப்பவர்கள் ஒரு குழுவாகச் சேர வேண்டும். முள்ளை வெட்டி, உழுது, விதைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் அந்தக் குழுவுக்குப் பொதுவாக ஓர் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் கிடைக்கும்.

விதைத்தார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான்.

திருச்சுழி சாலையில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அந்த ஊர்க் குழுவுக்கு முத்துராக்கு என்ற பெண் தலைவி. நாற்பது வயதிருக்கும். பல ஆண்டுகள் நூற்பு மில்லில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில், யாரும் சீந்தாத முள்ளுக்காட்டில் கொஞ்சம் வாங்கியிருந்தார். அக்கம்பக்கத்துத் தரிசுக்காரர்கள் ஏழு பேரைப் பேசிப் பேசிச் சேர்த்ததும் அவர்தான். எட்டுக் குடும்பங்களுமே ஒரு காலத்தில் மற்றவர்களின் காட்டில் கூலிக்கு நின்றவை. என் அப்பாவின் காட்டிலும்தான்.

இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் இந்த ஒப்புதலில் பாதி பொய்யாகிவிடும்.

ஐப்பசி மாதம். முதல் நாளே முத்துராக்குவிடம் போனில் சொல்லியிருந்தேன், பதினோரு மணிக்கு வருவதாக.

"வாங்க சார். ரோட்டுலருந்து வண்டித்தடம் ஒண்ணு உள்ள போகும். கருவேலங்காட்டத் தாண்டுனா எங்க நெலந்தான். எல்லாரும் இருப்போம்" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் சாலையோரக் கடையில் டீ குடிக்க நின்றேன். எனக்கு மாமன் முறையாக வேண்டிய ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். நிறைய நிலம் உள்ளவர்.

"எங்க மாப்ள, இந்தப் பக்கம்?"

சொன்னேன். சிரித்தார்.

"அவிங்களையா பாக்கப் போறீக? அவிங்களுக்கு வெவசாயம் எங்கிட்டுத் தெரியும்! கருவைய வெட்டி, மூட்டம் போட்டு, கரிய வித்துட்டுக் கம்முனு இருப்பாய்ங்க. இந்தச் சகதிக்குள்ள போயி வண்டியக் கெடுத்துக்கிராதீக."

எனக்கு மரியாதையாகப் 'போறீக', அவர்களுக்கு 'அவிங்க'. அது அன்று என் காதில் உறைக்கவேயில்லை. இயல்பாக இருந்தது!

இரண்டு நாள் மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. வண்டித்தடத்தில் கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். சக்கரத்தில் மண் அப்பி, பைக் நகர மறுத்தது. இறங்கினேன். செருப்பு சகதியோடு ஒட்டிக்கொண்டு காலைவிட்டுக் கழன்றது. எதிரே கருவேலங்காடு சுவர்போல நின்றது.

புகைப்படத்தோடு இடத்தையும் சேர்த்துப் பதிவு செய்யும் செயலி ஒன்று எங்கள் போனில் உண்டு. திறந்து பார்த்தேன். நான் நின்ற இடத்தையே நிலத்தின் எல்லைக்குள் என்று அது ஏற்றுக்கொண்டது.

அவ்வளவு போதாதா எனக்கு? முள்ளுக்காட்டை இரண்டு படம் எடுத்தேன்.

அப்போது காட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சுக்குரல் கேட்டது. யாரோ ஒரு பெண் சிரித்தாள். ஆடு மேய்க்கிறவர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன் அடித்தது. திரையில் முத்துராக்குவின் எண். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது... சத்தத்தை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவிவிட்டு எழுதினேன்: 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. பணிகள் ஏதும் நடைபெறவில்லை. நிலம் முட்புதராகவே உள்ளது.'

சகதிதானா காரணம்? எத்தனையோ ஊரில் இதைவிட மோசமான சகதியில் நடந்திருக்கிறேன். அது என் மாமனின் நிலமாக இருந்திருந்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டாவது போயிருப்பேன். போகாவிட்டாலும், வேலை நடந்திருக்கிறது என்றுதானே எழுதியிருப்பேன்? இவர்கள் செய்திருக்க மாட்டார்கள் என்று நம்ப எனக்கு எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை. டீக்கடையில் ஒரு மனிதரின் சிரிப்பே போதுமானதாக இருந்தது. இதை நினைக்கும்போதுதான் உடம்பு கூசுகிறது.

மேலதிகாரி என் அறிக்கையைப் பாராட்டினார். "எல்லாரும் நடந்துச்சு நடந்துச்சுன்னே எழுதுறான். இவர் ஒருத்தர்தான்யா உள்ளத உள்ளபடி எழுதுறாரு" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நான் தலை குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

பத்து நாளில் முத்துராக்கு அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து வேரோடு பிடுங்கிய உளுந்தஞ்செடியையும் ஒரு பிடி குதிரைவாலிப் பயிரையும் எடுத்து மேலதிகாரியின் மேசைமேல் வைத்தார். வேரில் ஒட்டியிருந்த கரிசல் காகிதங்களின்மேல் உதிர்ந்தது.

"இது எங்க நெலத்துல நிக்கிது சார். முட்புதருன்னு எழுதிட்டாகளாம்."

அறிக்கை மேலே போய்விட்டது, அந்தக் கிணற்றை வேறு குழுவுக்கு மாற்றியாகிவிட்டது என்றார் மேலதிகாரி. பிறகு என்னைக் கூப்பிட்டார். "நீங்க நேர்ல போனீங்கள்ல?"

"போனேன் சார்."

முத்துராக்கு என் பக்கம் திரும்பினார். "நெலத்துக்குள்ள வந்தீகளா சார்?"

"வந்தேன்."

"எந்நேரம்?"

"பதினோரு மணி வாக்குல."

"அப்ப எங்களப் பாத்திருப்பீகளே... எட்டு வீட்டாளுகளும் அங்கனதான நின்னோம். உங்களுக்குன்னு சோறாக்கி வச்சிருந்தோம். பொழுது சாயிற வரைக்கும் பாத்துட்டு, பெறகு நாங்களே தின்னுட்டு வந்தோம்."

அந்த நொடியில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மேலே போன அறிக்கையைத் திரும்பப் பெற்றிருக்கலாம். இன்னும் துளை போட்டிருக்கவில்லை; கிணறு அந்த நிலத்துக்கே திரும்பியிருக்கும். எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்திருக்கும், அவ்வளவுதான்!

"நான் யாரையும் பாக்கலையே" என்றேன்.

அது மட்டும் உண்மை. எத்தனை கேவலமான உண்மை!

பொய் சொல்கிறாய் என்று அவர் சொல்லவில்லை. "சரிங்க சார்" என்றார். மேசைமேல் சிந்திய மண்ணைக் கையால் வழித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கார்த்திகையில் மழை ஏமாற்றிவிட்டது.

தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போனேன். ஏன் போனேன்? பரிகாரம் தேடியா? அங்கே ஒன்றும் இருக்கக்கூடாது, நான் எழுதியது சரியாக இருந்துவிட வேண்டும் என்ற நப்பாசையில்தான் போனேன்.

தடம் காய்ந்து கிடந்தது. கருவேலங்காட்டைத் தாண்ட ஐந்து நிமிடம் ஆயிற்று. ஐந்தே நிமிடம்!

அந்தப் பக்கம் நிலம் வெட்டவெளியாய் விரிந்து கிடந்தது. வரப்பு பிடித்து, கல் பொறுக்கி, ஒரு முள் தூர் மிச்சமில்லாமல்... தோண்டி எடுத்த வேர்க்கட்டைகள் ஆள் உயரத்துக்கு ஓர் ஓரத்தில் அடுக்கிக் கிடந்தன. நடுவே பயிர் நின்ற வாக்கில் கருகியிருந்தது.

வரப்பில் ஒருவர் காய்ந்த பயிரை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தார். கருப்பையா என்று பெயர் சொன்னார். எட்டுப் பேரில் ஒருவர். என்னை அவருக்குத் தெரியவில்லை. நிலம் விலைக்குப் பார்க்க வந்தவன் என்று சொன்னேன். மூன்றாவது பொய்யோ, நான்காவதோ...

"கதிர் வாங்குற நேரம். ஒரு தண்ணி, ஒத்தத் தண்ணி கெடச்சிருந்தாப் பொழச்சிருக்கும். கெணறு வரும்னு நம்பிட்டோம்" என்றார்.

"ஏன் வரல?"

"பாக்க வந்த சாருக்குத் தடம் தெரியல போல. வேற எங்கிட்டோ பாத்துட்டு எழுதிட்டாரு. அவுகளச் சொல்லிக் குத்தமில்ல. நாங்கதான் ரோட்டுல ஒரு ஆள நிறுத்திருக்கணும்." அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "முத்துராக்குதான் பாவம். ஆளாளுக்கு அதத்தான் வஞ்சோம். நீதான இழுத்துவிட்டன்னு நானும் பேசிப்புட்டேன். அது மறுபடி மில்லுக்கே போயிருச்சு."

அவருக்கு என்மேல் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என் குற்றத்தையும் அவர்களே எடுத்துத் தங்கள் தலையில் வைத்துக்கொண்டிருந்தார்கள்! வெயில் அதிகம் என்று எதையோ சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

ஓர் ஆண்டு போனது. போன மாதம் அருப்புக்கோட்டை பஸ்ஸில் முத்துராக்குவைப் பார்த்தேன். சேலைமேல் மில் சட்டை, தலைமுடியில் பஞ்சுத் துகள். அவரே பேசினார்.

"நல்லாருக்கீகளா சார்? மறுபடி எழுதிக் குடுத்திருக்கோம். அந்த ஏழு பேரையும் திரும்பச் சேக்கத்தான் பெரும்பாடாப் போச்சு. இந்தத் தடவையாச்சும் கெடச்சிரும்ல சார்?"

"கெடைக்கும்மா" என்றேன்.

கிடைக்காது. எனக்குத் தெரியும். மனுக்களைப் பிரித்து வைத்தவனே நான்தான். அவர்கள் மனுவோடு என் பழைய அறிக்கையும் சேர்ந்து வந்திருக்கிறது. 'முன்பு வாய்ப்பளித்தும் பணி செய்யாத குழு' என்று யாரோ சிவப்பு மையில் எழுதி, கட்டின் அடியில் வைத்துவிட்டார்கள். அந்த வரியை நீக்க ஒரே ஒருவனால்தான் முடியும். அவன் செய்ய வேண்டியதெல்லாம், அன்றைக்கு நான் போகவில்லை என்று எழுதிக் கொடுப்பதுதான்.

பட்டியல் முடிவாக இன்னும் நான்கு நாள் இருக்கிறது.

நேற்று மேலதிகாரியின் அறைக்குள் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன விஷயம்?" என்று கேட்டார்.

"ரெண்டு நாள் லீவு வேணும் சார்" என்றேன்.

கொடுத்தார்.