பனிச்சரிவில் நாங்கள் ஓட்டிய ரயில்

போன வருடம் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விதைப்பு முடிந்த கையோடு, விக்கிரவாண்டியிலிருந்து நானும் என் கணவரும் அவருடைய அக்காவும் இமாசலப் பிரதேசத்துக்குப் பனி பார்க்கப் போனோம். அங்கே நாங்கள் அடித்த கூத்தைச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் தெருவே சிரிக்கிறது.

காலையில் கெட்டியாக இறுகிக் கிடந்த ஒரு பனிச்சரிவைக் கடந்துதான் மேலே போயிருந்தோம். திரும்பும்போது சுள்ளென்று வெயில். முந்தின நாள் விழுந்த புதுப்பனி இளகிவிட்டது, சரிந்து விழலாம் என்றார் வழிகாட்டி. முதலில் அவர் கடந்துபோய்க் கையசைப்பாராம். பிறகு நாங்கள் ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு வரவேண்டுமாம். துபாயில் லாரி ஓட்டி இந்தி கற்ற என் கணவர்தான் எங்களுக்கு விளக்கினார்.

“எதுக்குடா ஒத்த ஒத்தையா?” என்றார் நாத்தனார்.

“சரிஞ்சா ஒருத்தர்தான் புதைவோமாம். மத்தவங்க தோண்டி எடுக்கலாமாம்க்கா.”

“வாயக் கழுவுடா! தனியா வுட்டுட்டுப் போறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்? என் முந்தானையப் புடிச்சிக்கினு வா.”

மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்தில் ஒருவர் துணியை ஒருவர் பிடித்துக்கொண்டு போய்ப் பழகிய குடும்பம் எங்களுடையது. வழிகாட்டி கையசைத்ததுதான் தாமதம், நாத்தனார் முன்னால், அவர் முந்தானையைப் பிடித்தபடி கணவர், கணவரின் மஃப்ளரைப் பிடித்தபடி நான் என்று ரயில் கிளம்பிவிட்டது. எதிர்ப்பக்கத்தில் வழிகாட்டி இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து நாத்தனாரும் பதிலுக்குக் கையாட்டினார்.

பாதி வழியில் காலடியில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். தலைக்கு மேலே பனியில் நீளமாக ஒரு விரிசல் ஓடியது.

“அக்கா, நீ மட்டும் போ. ஜல்தி!” என்றார் கணவர். மூட்டு வலி என்று தினமும் தைலம் தேய்த்துக்கொள்ளும் நாத்தனார் அன்றைக்கு எடுத்த ஓட்டம் இருக்கிறதே, அம்மாடி!

அடுத்து நான் போகவேண்டும். கை மஃப்ளரை விட்டால்தானே?

“நீங்க போங்க மொதல்ல.”

“கழுத்த நெரிக்கிறடி, வுடு! பனி கொல்றதுக்கு முன்னாடி நீயே கொன்னுடுவ போலருக்கு.”

அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. விட்டுவிட்டு ஓடினேன்.

எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அத்தனை பெரிய வெள்ளைச் சரிவில் அவர் மட்டும் தனியாக நின்றார். வீட்டில் தினமும் சண்டை போடும் மனிதர் மேல் எனக்கு இவ்வளவு ஆசையா என்று அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு அடியாக அவர் வந்து சேர்ந்து மூச்சு வாங்குவதற்குள், மேலிருந்த பனி மொத்தமாகச் சரிந்து நாங்கள் நடந்த தடத்தை மூடிவிட்டது.

“பாத்தியா? மூணு பேரும் ஒண்ணா வந்ததாலதான் தப்பிச்சோம்!” என்றார் நாத்தனார். இதை வழிகாட்டிக்கு இந்தியில் சொல்லச் சொல்லி நச்சரித்தார். கணவர் மஃப்ளரை அவிழ்த்துக் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

பிடித்துக்கொண்டே இருந்தால்தான் காப்பாற்ற முடியும் என்று அதுவரை நம்பியிருந்தேன். அன்றைக்கு நான் கையை விட்டதால்தான் அவர் பிழைத்து வந்தார்.