ஆறாம் மாடியில் ஐரோப்பியக் கொள்கை

எங்கள் வீட்டுக் கயிற்றை அறுத்தது நான்தான். காக்காய் கொத்திவிட்டது என்று அப்போது சொன்னேன். காக்காய்க்கு அந்தக் கயிற்றோடு எந்தப் பகையும் கிடையாது.

யாங்கோனில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடங்களில் வீட்டுக்கு வீடு ஒரு கயிறு தெருவரை தொங்கும். கீழ் நுனியில் கிளிப், மேல் முனையில் மணி. கீழே நிற்பவர் கீரைக்கட்டையோ பேப்பரையோ கிளிப்பில் மாட்டி ஓர் இழுப்பு இழுப்பார், மேலே மணி அடிக்கும், நாம் சுருட்டி எடுத்துக்கொள்வோம். ஊரின் போட்டாதாங் பகுதியில் எங்கள் வீடு ஆறாவது மாடி. கயிறு இருந்தால் ஒரு மனிதன் படியில் கால் வைக்காமலே வாழ்ந்துவிடலாம். என் வீட்டுக்காரர் நாலு மாதமாக அப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்.

ஆற்றோரக் கிட்டங்கி ஒன்றில் முப்பது வருஷம் சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொண்டவர். கிட்டங்கியை மூடிவிட்டார்கள். முதல் வாரம் ஓய்வு என்றார். இரண்டாம் வாரம் முழங்கால் வலி என்றார். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார். ஜன்னலோரம் நாற்காலி, வாயில் கூன்யா. அதுதான் எங்கள் ஊர் வெற்றிலை மடிப்பு; கீழே இருக்கும் கடையிலிருந்து கயிற்றில் ஏறி வரும். இப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து இந்த மனிதர் உள்ளுக்குள்ளேயே அணைந்துபோய்விடுவாரோ என்று எனக்குப் பயம். பயந்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் பாத்திரம் உருளும்.

இதில் வேடிக்கை என் வேலைதான். ஐரோப்பாவில் ஓர் அமைப்பு இருக்கிறது. மனநலம் ஆஸ்பத்திரியோடு முடிகிற விஷயம் இல்லை, வீடு, வேலை, தெரு, பஸ் என்று அரசு போடும் ஒவ்வொரு திட்டத்திலும் அதற்கு இடம் வேண்டும் என்று அங்குள்ள அரசுகளிடம் விடாமல் வாதாடுகிற கூட்டம். அவர்கள் எழுதும் அறிக்கை அவர்களுக்கே புரியாது. அதை நாலு பேருக்குப் புரிகிற ஆங்கிலத்தில் சுருக்கிக் கொடுப்பது, முன்னாள் இங்கிலீஷ் டீச்சரான நான். கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சுருக்கிக் கொடுப்பேன்.

“மனசுக்குமா சட்டம் போடுறாங்க?” என்று வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார். “இங்க ரோட்டுல குழியவே மூடல.”

ஆனால் அந்த அறிக்கையில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்துப்போயிற்று. வெளியே வராதவனுக்கு உபதேசம் செய்து பயனில்லை, அவனைச் சுற்றியிருப்பதை மாற்றுங்கள் என்று பத்துப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். நான் அதை ஒரு பக்கமாகச் சுருக்கினேன். சுருக்கி முடித்து நிமிர்ந்தபோது பால்கனியில் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். சமையல் கத்திரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

இரண்டு நாள் கூன்யா இல்லாமல் மனிதர் தவித்தார். கொட்டாவி விட்டார், காக்காய்களைத் திட்டினார், புதுக் கயிறு வாங்கி வா என்றார். கடையில் இல்லை என்றேன். யாங்கோனில் கயிறு இல்லை என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மூன்றாம் நாள் காலை பார்க்கிறேன், வாய் செக்கச்செவேல் என்று இருக்கிறது. கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒளிந்து நின்று கையும் களவுமாகப் பிடித்தேன். ஐந்தாம் மாடி பர்மிய அம்மாள் தன் கயிற்றில் பொட்டலத்தை ஏற்றி, துணி காயப்போடும் கழியின் நுனியில் செருகி, எங்கள் பால்கனிக்கு நீட்டிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தாரின் ஆதரவே மனநலத்துக்கு ஆதாரம் என்று போன வாரம்தான் உருகி உருகி எழுதியிருந்தேன். அந்த ஆதாரம் இப்போது கழியோடு நின்று என் திட்டத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

கீழே இறங்கி அவரிடம் சண்டைக்குப் போனேன். “கேட்டாரே, எப்படி மாட்டேன்னு சொல்றது?” என்றார் பாவமாக. இனிமேல் கொடுக்காதீர்கள் என்றேன். சரி என்றார். அவருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. என் வீட்டுக்காரரிடமும் சரி, என்னிடமும் சரி. வேறு வழி தெரியாமல் அந்த அம்மாள் மறுநாள் படகு ஏறி, ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கே போய்விட்டார்.

அடுத்தது கூன்யாக் கடைக்காரர். நம்ம தமிழ் ஆள், என்னைவிடப் பத்து வயது இளையவர்.

“அக்கா, அண்ணனுக்கு முழங்கால்ல ஒண்ணும் இல்ல” என்றார். “கடசியா எறங்கி வந்தப்ப நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். இங்கேருந்து முக்கு வரைக்கும் பதினோரு பேரு கேட்டாங்க, எங்க போறீங்கன்னு. நானும் கேட்டேன். முக்குல கொஞ்ச நேரம் நின்னாரு. திரும்பி மேல போயிட்டாரு.”

எனக்குச் சுருக்கென்றது. தமிழர் வீட்டில் வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது, போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். பர்மியத் தெருவிலோ அதுதான் வணக்கம். ‘பெ துவாமலோ லெ’, எங்கே போகிறீர்கள் என்று கேட்டால்தான் மரியாதை. முப்பது வருஷம் அவர் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போனார்: கிட்டங்கிக்கு. இப்போது அந்த வார்த்தை அவரிடம் இல்லை. பதினோரு பேரும் அன்பாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஆக, தப்பு படியில் இல்லை, தெருவில். தெருவின் கொள்கையை மாற்றிவிட்டால் போயிற்று! மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் பெண், டீக்கடை, சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள், மருந்துக்கடை என்று ஒருவர் பாக்கியில்லாமல் பார்த்துப் பேசினேன். என் வீட்டுக்காரர் வந்தால் தயவுசெய்து எங்கே போகிறீர்கள் என்று கேட்காதீர்கள் என்றேன். எல்லாரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். ஐரோப்பாவில் வருஷக்கணக்கில் நடக்காததை நான் ஒரே காலையில் முடித்துவிட்டேன் என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

கயிறும் இல்லை, கழியும் இல்லை. அடுத்த நாள் பத்து மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு அவரே இறங்கினார். நான் பால்கனிக்கு ஓடினேன்.

அவர் தெருவில் கால் வைத்ததும் தெருவே வாயை மூடிக்கொண்டது. மொஹிங்காப் பெண் பானைக்குள் எதையோ தேடினாள். டீக்கடையில் பேச்சு அப்படியே நின்றது. சைக்காக்காரர்கள் ஒரே நேரத்தில் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்கள். கூன்யாக் கடைக்காரர் வெற்றிலையைக் கையில் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். கேட்காதே என்றால் பேசவே கூடாது என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஆறு மாடியும் ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“நான் செத்துட்டனா? ஒருத்தர்கூட எங்க போறேன்னு கேக்கல.”

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கத்திரியிலிருந்து ஆரம்பித்தேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவங்கள விடு. நீயும்தான் கேக்கல” என்றார். “நாலு மாசமா சாப்பிட்டீங்களான்னு கேட்ட, குளிச்சீங்களான்னு கேட்ட. என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்த கேட்டியா?”

இல்லை. எத்தனையோ நாட்டு ஜனங்களுக்கு, இந்த வாரம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும் படிவங்களை எளிமையாக்கிக் கொடுத்தவள் நான். இவரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ, வந்தால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேனோ என்று பயம். கயிற்றை அறுப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது.

“என்னங்க ஆச்சு?” என்றேன்.

எழுந்து போய்க் கூன்யாவைத் துப்பிவிட்டு வந்தார். அப்புறம் சொன்னார்: “காலைல எழுந்தா நான் எதுக்குன்னு தெரியல.”

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார், அது அழுக்குத் துண்டு, அதைச் சொல்லித் திட்டினேன். இரண்டு பேருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. சாயங்காலம் ஐரோப்பாக்காரர்களோடு ஆன்லைன் கூட்டம் இருந்தது. வர முடியாது என்று எழுதிப் போட்டுவிட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

தெரு மறுபடியும் வாயை மூடிக்கொண்டது. கூன்யாக் கடைக்காரர் திருட்டு முழி முழித்தபடி என்னைப் பார்த்தார். கேளுங்கள் என்று நான் தலையாட்டினேன். பாவம், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தார்.

“எங்கண்ணே போறீங்க?” என்று கத்தினார்.

வீட்டுக்காரர் நின்றார். “வேல போயிருச்சுப்பா” என்றார். “கிட்டங்கிய மூடிட்டாங்க. எனக்கு வேல இல்ல.” நாலு மாதத்தில் முதல் தடவையாக அதை வாய் திறந்து சொன்னார்.

கடைக்காரர் வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். “அது தெருவுக்கே தெரியும்ணே. எங்க போறீங்கன்னுதான கேட்டேன்?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

“ஆத்துப் பக்கம்” என்றார்.