கவிழ்ந்த படகின் இந்தப் பக்கம்

முடிச்சூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஐப்பசி பிறந்தாலே தூக்கம் குறைந்துவிடும். ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் இடுப்புக்கு மேல் தண்ணீர் நின்றது. ஆட்களை ஏற்றிப்போக ஃபைபர் படகு ஒன்று வந்தது. மாடிப்படியில் நின்ற என்னிடம் கையை நீட்டினார்கள். படகு ஆடிய ஆட்டத்தைப் பார்த்ததும் நான் கம்பியைக் கட்டிக்கொண்டேன். எவ்வளவு சொல்லியும் என்னால் கால் வைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏறிக்கொள்ள, படகு போய்விட்டது. என் கணவருக்கு நீச்சல் தெரியும், படகுப் பயமும் கிடையாது. இருந்தும் எனக்காக அவரும் தங்கிவிட்டார். தண்ணீர் வடியும்வரை மாடியில் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு கிடந்தோம்.

அவர் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் அவமானமாக இருந்தது. பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளிடம் பயப்படாமல் போடுங்கள் என்று தினமும் சொல்கிறவள் நான்.

கோவளத்துக்கு முன்னால் உப்பங்கழியோரம் ஒரு சின்னப் படகு கிளப் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று சக ஆசிரியை ஒருத்தி சொன்னாள். நான் சேர்ந்தேன். "இந்த வயசுல இது எதுக்கு உனக்கு?" என்று கேட்ட கணவர், மறுநாளே தன் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார். ஒரகடத்துத் தொழிற்சாலையில் வாரம் முழுக்க ஷிப்ட் பார்ப்பவர் ஞாயிறு காலைத் தூக்கத்தை விட்டுக்கொடுத்தது எனக்கு சந்தோஷமாக இருந்தது. மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே புகுந்து, சோழிங்கநல்லூர் தாண்டி, வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம்.

தகரக் கொட்டகை, அதற்குள் குப்புறக் கவிழ்த்த கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகுகள், உப்பு நாற்றமடிக்கும் லைஃப் ஜாக்கெட்டுகள். அவ்வளவுதான் கிளப். பயிற்சியாளர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். அந்தக் கரையிலேயே வளர்ந்தவள், பாய்மரப் போட்டிகளுக்கெல்லாம் போய்வந்தவள். முதல் இரண்டு வகுப்புகள் தரையிலேயே நடந்தன. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பது, துடுப்பைப் பிடிப்பது, ஆபத்தென்றால் விசில் ஊதுவது. எல்லாவற்றையும்விட ஒரு விஷயத்தைத்தான் அவள் விடாமல் சொன்னாள்.

"போட்டு கவுந்தா போட்டை வுடாதீங்க. நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். தண்ணில தலை மட்டும் இருந்தா எங்க கண்ணுக்குத் தெரியாது, போட்டு தெரியும். ஆளுக்கொரு பக்கம் புடிச்சிக்கினு ஒருத்தரை ஒருத்தர் கூப்டுங்க. பதில் வருதான்னு பாருங்க."

எங்களுக்கு இருவர் படகு. நான் முன்னால், அவர் பின்னால். பின்னால் இருப்பவர்தான் முன்னால் இருப்பவரின் வீச்சைப் பார்த்துத் துடுப்புப் போட வேண்டும். அவர் தன் போக்கில் போடுவார், துடுப்புகள் மோதிக்கொள்ளும், இருவரும் சின்னதாகச் சண்டை போடுவோம். ஆனாலும் மாதம் திரும்புவதற்குள் ஆடுகிற படகில் நான் நிம்மதியாக உட்காரத் தொடங்கியிருந்தேன். உள்ளங்கைக் கொப்புளங்களைப் பள்ளியில் எல்லோருக்கும் காட்டினேன்.

அந்த ஞாயிறு கடல்காற்று முன்னதாகவே எழுந்துவிட்டது. பயிற்சியாளர் எல்லாரையும் திரும்பச் சொல்லி விசில் கொடுத்தாள். நாங்கள் மற்றவர்களைவிடத் தள்ளி, சவுக்குத் தோப்புப் பக்கம் இருந்தோம். சீக்கிரம் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் அவர் ஒரே பக்கமாக வேகமாக இழுத்தார். மெதுவாக, மெதுவாக என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பக்கவாட்டில் அலை அடித்து, நாங்கள் தண்ணீருக்குள் இருந்தோம்.

மூக்கெல்லாம் உப்பு. ஜாக்கெட் என்னை மேலே தூக்கிவிட்டது. கவிழ்ந்த படகின் ஓரக் கயிறு கைக்குக் கிடைத்தது, பிடித்துக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தபடியே கூப்பிட்டேன். ஏங்க, ஏங்க என்று எத்தனை முறை கூப்பிட்டேனோ. அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். கையை அடியில் விட்டுத் துழாவினேன். உள்ளே முங்கப் பார்த்தேன், ஜாக்கெட் விடவில்லை. அழுதுகொண்டே படகைச் சுற்றி மறுபக்கம் வந்தபோதுதான் தொலைவில் ஆரஞ்சு நிற ஜாக்கெட் ஒன்று கரையை நோக்கிப் போவது தெரிந்தது. அவர் நீந்திக்கொண்டிருந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

விசிலை ஊதினேன். எஞ்சின் படகில் வந்த பயிற்சியாளர் முதலில் கேட்டது, "சார் எங்கக்கா?" என்றுதான். நான் கரையைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், என்னைத் தூக்கி ஏற்றினாள்.

கரைச் சேற்றில் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். படகை ஏன் விட்டீர்கள் என்று பயிற்சியாளர் கேட்டதற்கு, உதவிக்கு ஆள் கூப்பிடக் கரைக்குப் போனதாகச் சொன்னார். அன்று மாலை கோயம்புத்தூரில் படிக்கும் மகளிடம் ஃபோனில் அதையே இன்னும் கொஞ்சம் வளர்த்துச் சொன்னார். அம்மாவிடம் படகைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் போனாராம். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்த புடவையையே மறுபடி உதறி மடித்தேன்.

விட்டுப் போனதைக்கூட நான் தாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். மகளிடம் சொன்ன அந்தப் பொய்யைத்தான் தாங்க முடியவில்லை. பயத்தில் நானே ஒருநாள் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றவள்தானே. அந்த மாடியில் எனக்காகத் தங்கியவரும் இவர்தான். அந்த மனிதரையும் இந்த மனிதரையும் ஒன்றாக வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. வகுப்பில் கரும்பலகையில் பாதிக் கணக்கோடு நின்றுவிடுவேன், பிள்ளைகள் 'மிஸ்' என்று கூப்பிடுவார்கள்.

அடுத்த ஞாயிறு அவர் முட்டி வலி என்றார். நான் மட்டும் ஸ்கூட்டரில் போனேன். கவிழ்ந்தால் என்ன செய்வதென்ற பயிற்சியை மறுபடி செய்ய வேண்டும் என்று சொல்லி, பயிற்சியாளரே என் படகில் பின்னால் ஏறினாள். வேண்டுமென்றே கவிழ்த்தோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இருக்கியாம்மா?" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன்க்கா" என்று மறுபக்கத்திலிருந்து உடனே குரல் வந்தது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து அவள் முகம் கழுவத் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் சமையலறையில் அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன்.

"நீங்க எங்கிட்ட போட்டைப் பிடிச்சுக்கன்னு சொல்லலை."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தண்ணிக்குள்ள போனதும் நீ எனக்கு ஞாபகத்துலயே இல்ல. தரை கால்ல பட்டப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."

அவர் உண்மையைச் சொல்லிவிட்டால் என் மனசு ஆறிவிடும் என்று நம்பியிருந்தேன். ஆறவில்லை. பரவாயில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது, நான் சொல்லவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு, மிச்சம் இருந்த பீன்ஸை எடுத்து நறுக்கத் தொடங்கினேன். மறுநாள் மகளிடம் அவரே நடந்ததைச் சரியாகச் சொன்னார். அவள் என்னைக் கூப்பிட்டு, அதுக்கு அப்பாகிட்ட நீ என்னம்மா சொன்ன என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

பயிற்சியை முடித்தேன். இப்போது ஒருவர் படகில் தனியாகப் போகிறேன். சில மாதம் கழித்து, தானும் மறுபடி வருகிறேன், உன்னோடு ஒரே படகில் போகலாமா என்று அவர் கேட்டார். முதலில் வேறு யாரோடாவது போங்கள் என்றேன். முகம் சுருங்கியது, ஆனால் சரி என்றார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரோடு அவரைச் சேர்த்தார்கள்.

போன ஞாயிறு அவர்களுக்குக் கவிழ்க்கும் பயிற்சி. நான் கரையில் துடுப்போடு நின்று பார்த்தேன். படகு புரண்டது. அவர் தலை வெளியே வந்தது, கை கயிற்றைத் தேடிப் பிடித்தது. "சார், இருக்கீங்களா சார்?" என்று அவர் கத்தியது கரைவரை கேட்டது. பதில் வந்த பிறகும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். நெஞ்சுப் பாரம் இறங்கியது நிஜம். இன்னொருவருக்காக இவரால் இது முடிகிறதே என்று வயிறு எரிந்ததும் நிஜம். அவர் நனைந்து, மூச்சு வாங்க, கரையேறி என் முன்னால் வந்து நின்றார். துண்டை எடுத்துக் கொடுத்தேன்.