வேறொரு கூரையின் கீழ்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு சட்டம் உண்டு: எந்தப் புத்தகமும் ஒரே கூரையின் கீழ் மட்டும் இருக்கக் கூடாது. பதினான்கு வருடமாகச் சேர்த்த மூவாயிரத்துச் சொச்சம் மின்னூல்கள். எழுதியவர், தலைப்பு, ஆண்டு என்று எல்லாவற்றுக்கும் ஒரே வரிசையில் பெயர். ஒரு ஹார்டு டிஸ்க் தன் மேசையில். அதன் நகல் மச்சான் வீட்டில்.

சட்டம் சரிதான். மச்சானோடுதான் எட்டு மாதமாகப் பேச்சே இல்லை. "பார்சல் சுத்தின பேப்பரைக்கூட நீங்க படிச்சதில்லையே" என்று நாலு பேர் எதிரில் இவர் வாயை விட்டிருந்தார்.

ஞாயிறு காலை, மேசையைத் துடைத்த மனைவியின் கை பட்டு டிஸ்க் கீழே விழுந்தது. செருகினால் டிக் டிக் என்றது. அவ்வளவுதான்.

"அண்ணன்கிட்ட ஒண்ணு இருக்குல்ல, போய் வாங்கிட்டு வாங்க."

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கறது ஒண்ணுதானே? அதையே வச்சுக்கிட்டுப் போங்க."

குழாய் ரிப்பேர்காரரான மச்சான் கதவைத் திறந்தார். "வாங்க மாப்ளே! லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. விஷயம் பெருசுதான்."

டிஸ்க் பத்திரமாக இருந்தது. மெக்கானிக் அதை மச்சானின் கணினியில் செருகித் திறந்தார். ஐம்பது கோப்புகளுக்கு மேல் பெயர் மாறியிருந்தது. 'பாதியிலே தூங்கிட்டேன்.' 'நாய் சாகுது, ஜாக்கிரதை.' 'கொலைகாரன் டாக்டர்தான்.' 'இன்னொரு தடவை படிக்கணும்.'

"என்ன மச்சான் இது?"

"நீங்க சொன்னது சுருக்குனு தெச்சுது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் கொஞ்சம் படிச்சேன். எது எப்படி இருந்துச்சுன்னு மறக்காம இருக்கணுமே, அதான் பேரை மாத்துனேன். தப்பா?"

"தப்புதான். நான் பேசினது அதைவிடத் தப்பு." மெக்கானிக் திரையில் ஒரு பெயர்மேல் விரலை வைத்தார். "ஆனா கொலைகாரன் யாருன்னு போட்டு உடைச்சிட்டீங்களே! நான் இன்னும் படிக்கலை."

"எது, இதையா? மத்ததெல்லாம் படிச்சாச்சா?"

"சேர்க்கறதுக்கே நேரம் பத்தலை மச்சான்."

மச்சான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது.

அன்று மாலைவரை இருவரும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தார்கள். வரும் வழியில் வாங்கியிருந்த புது டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் நகலெடுத்த பிறகு, ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பழைய பெயரை மீட்டார்கள். ஆண்டுக்குப் பிறகு ஒரு கோடு போட்டு மச்சானின் வாசகத்தையும் மெக்கானிக் விடாமல் சேர்த்தார்.

"உங்க கருத்து எங்க வரும் மாப்ளே?"

"அதுக்குப் பக்கத்துலதான். இடம் இருக்கு."

இறங்கும்போது புது டிஸ்க் பையில் இருந்தது. பழையது, சட்டப்படி, மச்சான் வீட்டிலேயே. 'இன்னொரு தடவை படிக்கணும்' என்று மச்சான் பெயர் வைத்திருந்த அந்தப் புத்தகத்தை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டு, முதல் பக்கத்தைப் படித்தபடியே மூன்று மாடியும் இறங்கினார்.