கோவிந்தன் அண்ணன் கால் அளந்து செய்த கிட்டார்

போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மாவட்டத் தலைநகரான பிறகு எங்கள் ஊர் மண்டபங்களுக்குக் குளிர்சாதனம் வந்துவிட்டது, கூடவே நெஞ்சை அடைக்கிற ஸ்பீக்கரும் வந்துவிட்டது. மேடையில் இருந்தவர் கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினார். ஸ்டீல் கிட்டார் சத்தம் வந்தது. "ஒரே ஆளு எத்தினி வாத்தியம் வாசிக்கிறாரு பாருங்க!" என்று பக்கத்து நாற்காலிக்காரர் பூரித்தார். நானும் பூரித்தேன். என்ன செய்வது, பந்தி இன்னும் போடவில்லையே.

அந்தச் சத்தத்தை உண்டாக்க ஒரு காலத்தில் இரண்டு கை, இரண்டு பாதம், இரண்டு முழங்கால், போதாததற்கு ஒரு கோவிந்தன் அண்ணன், இத்தனையும் தேவைப்பட்டன. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மிதித்து வாசிக்கிற கிட்டார் அது.

கோவிந்தன் அண்ணனுக்குத் தொழில் தையல் மிஷின் ரிப்பேர். கச்சிராயபாளையம் ரோட்டில் கடை. பிரான்சிலிருந்து திரும்பிய பாண்டிச்சேரிக்காரர் ஒருவர், தன்னுடைய பெடல் ஸ்டீல் கிட்டாரின் மிதி சிக்கிக்கொண்டதென்று, யாரோ வழிகாட்டியதில் இவரிடம் கொண்டுவந்திருக்கிறார். "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிய அண்ணன், ஒன்பது நாள் அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தைக்கக் கொடுத்தவர்கள் எல்லாம் தையல்காரரைத் திட்ட, தையல்காரர்கள் எல்லாம் இவரைத் திட்டினார்கள். பத்தாம் நாள் கிட்டார் பாண்டிச்சேரிக்குப் போயிற்று. அதன் சூட்சுமம் கச்சிராயபாளையம் ரோட்டிலேயே தங்கிவிட்டது.

பிறகு அவராகவே செய்ய ஆரம்பித்தார். உடம்புக்குக் கல்வராயன் மலைப் பலா. அந்தப் பலகையைத் தோளில் சுமந்து மலைபஸ்ஸில் இறங்கும்போது, "ஊஞ்சப் பலகையா?" என்று கண்டக்டர் கேட்பாராம். "ஆமா, நீ வந்து ஆடு" என்பாராம் இவர். கால்களும் மிதிகளும் பழைய தையல் மிஷினுடையவை. மிதியிலிருந்து தந்திக்குப் போவது சைக்கிள் பிரேக் ஒயர். மொத்தம் பத்துத் தந்தி, முழங்காலால் தள்ளுவதற்கு அடியில் நெம்புகோல்கள். இடது பாதத்தால் மிதித்தால் மற்ற தந்திகள் தேமே என்று நிற்க, ஒரு தந்தி மட்டும் விம்மிக்கொண்டே மேலே ஏறும். முதல்முறை கேட்டபோது, கிண்டல் இல்லை, இன்னொரு தடவை மிதிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். வாத்தியம் முழுக்க மிஷின் எண்ணெய் வாசம் வேறு. இன்றைக்கும் ஏதாவது தையல் கடையைத் தாண்டும்போது இடது பாதம் தானாக அழுந்தும். ஸ்கூட்டரில் போனால் ஆபத்துதான்.

அவர் செய்தவை மொத்தம் மூன்று. மூன்றாவது எனக்கு. அப்போது நான் பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், சாயங்காலத்தில் பாலு அண்ணன் நடத்திய மெல்லிசைக் குழுவில் கலைஞன். எழுத்தராக இருந்தபோது தூங்கினேன், கலைஞனாக இருந்தபோது பிறரைத் தூங்கவைத்தேன். மடியில் வைத்து வாசிக்கிற சாதா ஹவாயன் கிட்டார்தான் அதுவரை எனக்கு.

கோவிந்தன் அண்ணன் யாருக்கும் சும்மா கிட்டார் செய்துவிட மாட்டார். ஆளை உட்காரவைத்து, டேப்பை எடுத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரை, முழங்காலிலிருந்து இடுப்பு வரை அளப்பார். பேன்ட் தைக்கிற மாதிரிதான். உட்காரும் ஸ்டூலையும் அவரே செய்து, கிட்டாரோடு இரும்புக் கம்பியால் பூட்டிவிடுவார். ஒரு விரற்கடை இப்படி அப்படி நகர முடியாது. "கால்தாண்டா இதுல பாடுது. கை சும்மா கூட வர்து" என்பார். ஆபீஸிலிருந்து நேராகப் போன நான், அளவெடுக்கும்போது டயர் செருப்போடு உட்கார்ந்திருந்தேன். அவரும் செருப்போடு சேர்த்தே அளந்தார். இத்தனை நுணுக்கம் பார்க்கிறவருக்கும் தோன்றவில்லை, இத்தனை படித்த எனக்கும் தோன்றவில்லை.

பாலு அண்ணனுக்கு அந்தக் கிட்டாரைக் கண்டாலே ஆகாது. வேனில் ரெண்டு ஆள் இடத்தை அடைக்கிறதாம். வடக்கனந்தல் பக்கம் ஓர் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் கிளம்பும்போது எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இன்னிக்கி இது ஒய்ங்கா பாடலன்னா அவ்ளோதான். விழுப்புரத்துல கீபோர்டுக்காரன் ரெடியா கீறான். உன் சேர அவனுக்குக் குடுத்துடுவேன்." அந்த நாற்காலி போனால் நான் வெறும் எழுத்தர்.

மேடை கோயில் மதிலுக்குள்ளே. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன், இந்தக் கிட்டாரோடு அப்படி ஏறியது அதுதான் முதல் தடவை. முதல் பாட்டில் மிதித்தேன். தந்தி ஏறியது, ஏறியது, சேர வேண்டிய சுரத்துக்கு ஒரு மயிரிழை கீழே நின்றுகொண்டது. இன்னும் அழுத்தப் பார்த்தால் கால் எட்டவில்லை. ஸ்டூலை விட்டுச் சறுக்கினால் முழங்கால் வேறொரு நெம்புகோலில் இடித்து இன்னொரு தந்தி ஊளையிட்டது. பாடிய பெண் திரும்பிப் பார்த்தாள். பாலு அண்ணன் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த கோவிந்தன் அண்ணன் என் காலையே பார்த்திருக்கிறார். பாட்டு முடிவதற்குள் மேடை ஓரத்துக்கு வந்துவிட்டார். "டேய், செருப்பு எங்கடா?"

"வெளியில வுட்டுட்டேண்ணே."

"அடப்பாவி, அதோட சேத்து இல்ல அளந்தேன்! போய் மாட்டிகினு வா."

"அம்மன் சன்னதிங்க! மேடையில செருப்பு ஏறுனா நான் மைக்க அணைச்சிடுவேன்" என்று தர்மகர்த்தா எழுந்துவிட்டார்.

கோவிந்தன் அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "வாழ மரத்துக்கு ஒன்னும் தீட்டு இல்லியே?" என்று கேட்டுவிட்டு, பந்தல் வாசலில் கட்டியிருந்த வாழையிலிருந்து மட்டையை உரித்து வந்தார். என் பாதத்துக்கடியில் இரண்டு மடிப்பாக வைத்து, வாழை நாராலேயே இறுக்கிக் கட்டினார். ஆயிரம் பேர் முன்னால், மைக் பக்கத்தில், என் காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு. எனக்கு மானம் போயிற்று. "மிதி" என்றார். மிதித்தேன். மட்டை நசுங்கிக் குழைந்ததில் தந்தி வழுக்கிக்கொண்டு போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்தது. அவ்வளவு மெதுவான, அவ்வளவு கனிந்த ஏற்றத்தை அதற்கு முன்னும் நான் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. முன் வரிசையில் ஒரு கிழவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். தர்மகர்த்தாவே ஒன்ஸ்மோர் கேட்டார்.

நாற்காலி பிழைத்தது. முழுதாக நான்கு மாதம்.

பிறகு கீபோர்டு வந்தது. பாலு அண்ணன் ஒன்றும் கெட்டவர் இல்லை, என்னிடம் கேட்டார். "கிட்டாரா, சேரா? நீயே சொல்லு. கீபோர்ட நீ கத்துகினா வெளியாளு எதுக்கு?" நான் இரண்டு நாள் யோசித்ததாகச் சொன்னேன். உண்மையில் இரண்டு நிமிடம்தான். சங்கராபுரத்து நிகழ்ச்சியில் கீபோர்டில் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஸ்டீல் கிட்டார் வாசித்தேன். கைதட்டலில் ஒரு குறையும் இல்லை.

மறுவாரம் கோவிந்தன் அண்ணன் சொல்லி அனுப்பினார். கிட்டாரை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு சர்ச்சுல கேக்குறாங்கடா. சும்மா கெடந்தா ஒயரு துரு ஏறிடும்" என்றார். வாசிக்கப்போகிறவர் குள்ளமாம். ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, பென்சிலால் கோடு கிழித்து, ரம்பத்தை எடுத்தார்.

பாலு அண்ணனின் குழு கலைந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அந்தக் கீபோர்டு செத்துப்போய்ப் பழைய இரும்புக்குப் போயிற்று. கோவிந்தன் அண்ணனும் போய்ச் சேர்ந்தார், அவர் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. சர்ச்சுக்குப் போன கிட்டார் எங்கே என்று தேடிப் போனேன், அப்படி ஒன்று இருந்ததே அங்கே யாருக்கும் தெரியவில்லை. மற்றதெல்லாம் தானாகப் போனது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? என் காலுக்கு அளந்து செய்த அந்த ஸ்டூல் ஒன்றுதான் என் கண்ணெதிரே போனது. அதன் முதல் காலில் ரம்பத்தை வைத்துவிட்டு அண்ணன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "வேணாண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலு காலையும் அவர் அறுத்து முடிக்கிறவரை நான் வாயைத் திறக்கவில்லை.